பதினேழு நொடி

கெடிலக் கரை நீரேற்று நிலையத்தின் மூலநிரல்
யாரிடமும் இல்லை.
தானே புயலில் கூரையோடு போனது என்கிறார்கள்.
வேலையை விட்ட தேசிங்கு
வன்தட்டைக் கழற்றிக்கொண்டு போனான் என்றும் சொல்கிறார்கள்.
என் கையில் தந்தது
பென்டிரைவில் ஒரே ஒரு ஆர்க்கைவ்:
கம்பைலர் வேகவைத்து இறக்கிய சோறு.
இதை நெல்லாக்கித் தாம்மா என்கிறார்
உதவிப் பொறியாளர் இருதயராஜ்,
ஐப்பசி பிறக்கப் பதினோரு நாள் இருக்கையில்.

பிரித்துப் படிக்க ஒரு பழைய நூலகம் இருக்கிறது.
நூலகம் என்றால் அலமாரி இல்லை,
முப்பது சொச்சம் சின்ன நிரல்கள்.
ஒன்று திறக்கும். ஒன்று முதல் எட்டு பைட்டை முகர்ந்து
கட்டுதான், கோப்பில்லை என்று சொல்லும்.
ஒன்று தலைப்பைப் படிக்கும்:
பெயர், தேதி, யாருடையது, எத்தனை பைட்டு.
ஒற்றைப்படையில் முடிந்த உறுப்பின் வாலில்
ஒரு வெற்று பைட்டு ஒட்டியிருக்கும்,
அடுத்தது இரட்டைப்படையில் கால் வைப்பதற்காக.
அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

எட்டெழுத்துக்குள் அடங்கும் பெயர்
பட்டியலிலேயே குடியிருக்கும்.
நீண்ட பெயருக்கு அங்கே ஓர் எண் மட்டும்,
ஆள் கோப்பின் கடைக்கோடியில் இருப்பான்.
ஓ.டி. என்றால் ஓ.டி.தான்.
திருப்பாதிரிப்புலியூருக்கு
ஒரு பஸ் மாற வேண்டும்.

இப்படித்தான் தேசிங்கைச் சந்தித்தேன்.
மதகு_மூடு. மோட்டார்_போடு. கடல்_ஏறுதா.
ஆங்கில எழுத்தில் தமிழ் பேசியிருந்தான்.
நாலாவது உறுப்பில் ஒரு பெயர்:
பொறுடா.
உள்ளே பதினேழு என்ற எண்,
வேறொன்றுமில்லை.
மதகு மூடிய பிறகு
மோட்டார் ஓடத் தொடங்கும் முன்
பதினேழு நொடி.

ஏன் பதினேழு?
பக்கத்தில் எழுதியிருப்பான், எழுதாமலா இருப்பான்.
ஆனால் கம்பைலர் முதலில் துப்புவது
மனிதர்களுக்காக எழுதியதைத்தான்.

எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன்.
வில்லியனூரில் மின்விசிறி விற்கிறான்.
பின்னணியில் யாரோ நாலு இறக்கை வேணும் என்கிறார்கள்.
"பதினேழா? நானா போட்டேன்?
பத்து போதுமே மேடம்.
இருங்க, கஸ்டமர்."
இருந்தேன். அவன் திரும்ப வரவில்லை.

மறுநாள் மதகடியில் கைப்பேசியில் நொடி எண்ணினேன்.
ஒன்பதில் பலகை தரை தொட்டது.
பிறகு எட்டு நொடி
உப்பனாற்றுப் பக்கமிருந்து காற்று,
ஒரு நண்டு,
பலகைக்கு அடியில் கசியும் நூல் தண்ணீர்.
பதினாறாவதில் அது நின்றதுபோல் இருந்தது.
இன்னொரு முறை எண்ணியபோது
நிற்கவே இல்லை.

இந்த நூலகத்தில் ஒரு விநோதம்:
கட்டுக்குள் இருந்துகொண்டு மூடு என்றால் மூடாது.
இன்னும் ஓர் உறுப்பு பாக்கி என்று
தோல்வி எனத் திருப்பித் தரும்.
அந்தத் தோல்வியைப் பிடித்துக்கொண்டே
ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போனேன்,
பன்னிரண்டு உறுப்பு, இரண்டு இரவு.
மஞ்சக்குப்பத்து மாடி அறையில்
விடியக்காலம் நாலு மணிக்கு
மூடு என்றேன்.
வெற்றி என்றது.
அவ்வளவுதான், இனி கேட்க ஆளில்லை.

புதிய நிரலில் பத்து என்று அடித்தேன்.
டீ குடித்துவிட்டு வந்து
அழித்துப் பதினேழு ஆக்கினேன்.
பக்கத்தில் ஒரு வரி:
காரணம் தெரியவில்லை. பலகை கசிகிறது. குறைக்காதீர்கள்.
கம்பைலர் அதை வாங்கி
வழக்கம்போல் துப்பியது.
வெளியே முதல் தூறல்.
இருதயராஜ் போனில்,
"முடிஞ்சுதாம்மா?"